இளையோர் தியானத்தின் நேர அட்டவணை: மன்ரேசாவிலிருந்து பங்கு மண்டபம் வரை

தவக்காலத்தில் தமிழகப் பங்குகளில் நடக்கும் இளையோர் தியானத்தின் நேர அட்டவணை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பெயர்ப் பதிவு, ஆக்‌ஷன் சாங், முதல் உரை, தேநீர், குழுப் பகிர்வு, பாவசங்கீர்த்தனம், மதிய உணவு, தூக்கம் கலைக்க ஒரு விளையாட்டு, நற்கருணை ஆராதனை, திருப்பலி. ஒரு நாளுக்குள் அடங்கிவிடும் இந்த வரிசை ஒரே காலத்தில் உருவானதல்ல. இதில் உள்ள அமைதி நேரம் பதினாறாம் நூற்றாண்டின் கத்தலோனியாவுக்குரியது. குழுப் பகிர்வு 1940களின் மயோர்க்காத் தீவில் உருப்பெற்றது. கைகளை உயர்த்திப் பாடும் புகழ்ச்சி வழிபாட்டின் தடம் 1967ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் நகருக்குப் போகிறது. இந்த அடுக்குகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய மரபிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் தியான நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் இருந்த நீண்ட வேலை கழன்றுபோனது. என் வாதம் இதுதான்.

1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் காலில் குண்டடிபட்ட லொயோலா இஞ்ஞாசியார், அடுத்த ஆண்டு கத்தலோனியாவின் மன்ரேசாவில் தங்கிச் செபித்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகளே 'ஆன்மிகப் பயிற்சிகள்'. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். நான்கு 'வாரங்களாக' வகுக்கப்பட்ட, ஏறக்குறைய முப்பது நாள் பயிற்சி அது. அந்த நூலைத் தியானம் செய்பவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. பயிற்சி தருபவருக்கான கையேடு அது. ஒருவர் தருவார், ஒருவர் செய்வார்.

முகப்பில் உள்ள இருபது முன்குறிப்புகளில் மூன்று நம் பொருளுக்கு முக்கியமானவை. தருபவர் சுருக்கமாகச் சொல்லி நிறுத்த வேண்டும், ஏனெனில் தானே கண்டடைந்ததுதான் உள்ளத்தில் ருசிக்கும் என்கிறது இரண்டாவது. கடவுளுக்கும் அவர் படைத்த மனிதருக்கும் நடுவில் தருபவர் புகுந்து எந்தப் பக்கமும் சாய்க்கக் கூடாது என்கிறது பதினைந்தாவது. செய்பவரின் வயது, கல்வி, திறன் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது பதினெட்டாவது. பின்வந்த இளையோர் தியானங்கள் எல்லாம் தங்களுக்கு உரிமம் தேடியது இந்தப் பதினெட்டாம் குறிப்பில்தான். இரண்டாம் குறிப்பை நினைவில் வைத்தவர்கள் குறைவு.

ஆட்கள் பெருகியதும் வடிவம் மாறியது. 1660களில் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் வான் நகரில் தியானத்துக்கென்றே ஒரு வீடு திறக்கப்பட்டது. அங்கே பயிற்சி கூட்டமாகச் செய்வதாகவும், அமர்ந்து கேட்பதாகவும் ஆனது. இயேசு சபையினர் 1767இல் எசுப்பானிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட பிறகு, அர்ஜென்டினாவில் மரியா அந்தோனியா என்ற பெண், குருவாகவோ துறவியாகவோ இல்லாமலேயே, ஊர் ஊராக நடந்து தியானங்களை ஏற்பாடு செய்தார். புவனஸ் ஐரிஸில் 1795இல் அவர் எழுப்பிய தியான வீடு இன்றும் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஏற்பாட்டாளர்களின் வரலாற்றை எழுதுவதானால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

பள்ளிகளில் இந்த வடிவம் என்னவானது என்பதற்குச் சிறந்த சான்று ஒரு புதினம். ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவல் 1916இல் நூலாக வந்தது. டப்ளினில் இயேசு சபையார் நடத்தும் பள்ளியில் மாணவர்களுக்கு நடக்கும் தியானம் அதன் மூன்றாம் அதிகாரத்தை நிறைக்கிறது. குரு பேசுகிறார், சிறுவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து கேட்கிறார்கள், மரணம், தீர்ப்பு, நரகம் என்று உரைகள் அடுத்தடுத்து வருகின்றன, முடிவில் பாவசங்கீர்த்தனம். அந்த நரக உரை பினமோந்தி என்ற இயேசு சபைக் குரு 1688இல் வெளியிட்ட நூலைத் தழுவியது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். இரு நூற்றாண்டுப் பழைய உரை, பதினாறு வயதுப் பையனுக்கு முன். பதினெட்டாம் குறிப்பும் மறந்துபோயிருந்தது, இரண்டாம் குறிப்பும் மறந்துபோயிருந்தது.

அந்தப் பெஞ்சிலிருந்து இளைஞன் எழுந்து பேசியது மயோர்க்காவில். பால்மா நகரத்துப் பொதுநிலையினர் எதுவார்தோ போனின், நெடுநாள் ராணுவச் சேவையில் பாசறை இளைஞர்களை உற்றுக் கவனித்தவர். மறையுரை எட்டாத அவர்களிடம் நண்பன் பேசினால் எட்டும் என்று அவர் கண்டார். 1948இல் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு எசுப்பானிய இளைஞர்கள் பெருந்திரளாகத் திருப்பயணம் போக ஆயத்தமானபோது, பயணத் தலைவர்களுக்காகக் குறும்பயிற்சிகள் நடந்து வந்தன. அவற்றைப் போனினும் நண்பர்களும் மாற்றி வார்த்தார்கள். 1949 ஜனவரியில் சான் ஒனராத்தோ மடத்தில் நடந்ததையே, இப்படிப் பிறந்த குர்சில்லோ இயக்கம் தன் முதல் பயிற்சியாக எண்ணுகிறது.

அதன் கட்டமைப்பை நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். மூன்று நாளில் பதினைந்து உரைகள். அவற்றில் பத்தைப் பொதுநிலையினர் தருவார்கள், குருக்களுக்கு ஐந்துதான். ஒவ்வோர் உரைக்குப் பிறகும் மேசைக்கு ஒரு குழுவாக அமர்ந்து கேட்டதைப் பேசுவார்கள். அதே வேளையில் வெளியே இருப்பவர்கள் இவர்களுக்காகச் செபித்து, ஒறுத்தல் செய்து, அதைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். முதல் இரவு மட்டும் முழு மௌனம். மன்ரேசாவின் அடுக்கு அங்கே அப்படியே கிடக்கிறது. இந்த மூன்று நாளும் நடுப்பகுதி மட்டுமே. முன்தயாரிப்பு ஒரு கட்டம், பின்தொடர்ச்சி இன்னொரு கட்டம். திரும்பிப்போன பிறகு வரும் வாழ்நாள் முழுவதையும் 'நான்காம் நாள்' என்றார்கள். சிறு குழுக்கள் வாரந்தோறும் கூடின. குரு கேட்க, பொதுநிலையினர் பேசும் முறை எல்லோருக்கும் உவப்பாக இல்லை. 1956இல் மயோர்க்காவின் புதிய ஆயர் தம் மறைமாவட்டத்தில் குர்சில்லோவைத் தடை செய்தார். பத்தாண்டுக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இளையோரே இளையோருக்கு முதல் திருத்தூதர்கள் ஆக வேண்டும் என்று 1965 நவம்பரில் எழுதி வைத்தது.

1957இல் டெக்சாஸில் பயிற்சிக்கு வந்திருந்த எசுப்பானிய விமானப்படையினர் இருவரின் வழியாகக் குர்சில்லோ அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 1965இல் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் அதைப் பதின்வயதினருக்கு ஏற்ப மாற்றினார்கள். மூன்று நாளும் இறப்பு, உயிர்ப்பு, அனுப்பப்படுதல் என்று பெரிய வெள்ளியிலிருந்து பெந்தக்கோஸ்து வரையிலான வரிசையில் அமைந்தன. இன்று மேலை நாடுகளின் பள்ளித் தியானங்கள் பலவற்றின் எலும்புக்கூடு இதுவே.

புகழ்ச்சி வழிபாட்டின் கதையும் இதே கொடியில் காய்த்தது. பிட்ஸ்பர்க்கின் டுகேன் பல்கலைக்கழகத்து ஆசிரியர் இருவர் 1966இல் குர்சில்லோ மாநாடு ஒன்றுக்குப் போய், தூய ஆவியின் அனுபவம் பற்றிய நூல்களோடு திரும்பினார்கள். 1967 பிப்ரவரியில் ஏறத்தாழ இருபத்தைந்து மாணவர்களோடு பிட்ஸ்பர்க் புறநகர்த் தியான இல்லம் ஒன்றில் வார இறுதித் தியானம் நடந்தது. திருத்தூதர் பணிகளின் முதல் நான்கு அதிகாரங்களை வாசித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை இரவுக்கு அட்டவணையில் இருந்தது ஒரு பிறந்தநாள் விருந்து. ஆனால் ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் மாடியிலிருந்த சிற்றாலயத்துக்குப் போனார்கள், விருந்து நடக்கவில்லை. கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் தன் பிறப்பை அந்த இரவில் வைக்கிறது. அட்டவணையில் இல்லாத ஒன்றிலிருந்து பிறந்த வழிபாட்டுக்கு, இன்று 'மாலை 3 முதல் 4 வரை' என்று இடம் ஒதுக்கப்படுவது வரலாற்றின் குறும்பு.

இந்தியாவில் இந்த அடுக்குகளோடு வேறு சிலவும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. கார்டைன் என்ற குரு பெல்ஜியத்தில் இளந்தொழிலாளரிடையே வளர்த்த 'பார், சீர்தூக்கு, செயல்படு' முறை, மாணவர் இயக்கங்களின் வழியே குழு விவாதத்தையும் சார்ட் தாளையும் கொண்டுவந்தது. 1978இல் வெளியான அந்தோணி டி மெல்லோவின் 'சாதனா' நூல் மூச்சைக் கவனித்துச் செபிக்கும் பயிற்சியைப் பரப்பியது. பன்னாட்டு இளைஞர் ஆண்டான 1985இல் கேரள அருங்கொடை இளையோர் நடத்திய மாநாட்டிலிருந்து ஜீசஸ் யூத் இயக்கம் பெயர் பெற்றது. 2016இல் வத்திக்கான் அதை ஏற்றது. அதே 1985இல் டேசே சமூகத்தின் இளையோர் கூட்டம் சென்னையில் நடந்தது. ஒரு சிறு பாடலைத் திரும்பத் திரும்பப் பாடி மௌனத்துக்குள் போகும் முறை அவர்களுடையது.

இப்போது பங்கு மண்டபத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, நூற்றிருபது இளையோர், பாவசங்கீர்த்தனம் கேட்க மூன்று அருள்பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலும் ஒவ்வோர் அருள்பணியாளருக்கும் நாற்பது பேர், நூற்றறுபது நிமிடம். நாளின் முதுகெலும்பு உண்மையில் இந்த வரிசைதான். மற்ற நிகழ்ச்சிகள் அதைச் சுற்றியே வளைகின்றன. குழுப் பகிர்வு பெரும்பாலும் இந்த இடைவெளியில் வைக்கப்படுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து வரிசைக்குப் போவார், இன்னொருவர் கண் துடைத்தபடி வந்து உட்கார்ந்து "என்ன கேள்வி?" என்பார். சத்தம் அடங்காவிட்டால் ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டு தொடங்குவார். உரைக்குப் பின் பேச்சு என்று போனின் வைத்தது இங்கே காத்திருப்போரை உட்காரவைக்கும் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. பாவங்களைத் துண்டுத்தாளில் எழுதிச் சிலுவையடியில் எரிக்கும் சடங்கு மட்டும் எப்படியோ தவறுவதில்லை; புகைப்படத்துக்கு நன்றாக வருகிறது.

குறை ஏற்பாட்டாளர்களின் ஆர்வத்தில் இல்லை. பேச்சாளரை முந்தின வாரம் தொலைபேசியில் பிடித்து, உணவுக்கும் பேனருக்கும் அலைந்து, திங்கள்கிழமை கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அவர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' மடல் இந்த இடத்தைத் தொடுகிறது. ஆழமான இறை அனுபவம் பெற்ற இளையோருக்கு அடுத்து கிடைப்பது கோட்பாட்டு, ஒழுக்க வகுப்புகள் மட்டும் என்றால் அவர்கள் சலித்து, பற்றிய தீயை இழக்கிறார்கள் என்கிறது அது. நம் பங்குகள் பலவற்றில் அந்த வகுப்புகூட இல்லை. அடுத்த தியானம் அடுத்த தவக்காலத்தில்தான்.

மாற்ற நினைப்பவர்களுக்குக் கணக்கு எளிது. நூற்றிருபது பேரை ஒருமுறை அழைப்பதற்குப் பதில், நாற்பது நாற்பதாக மூன்று ஞாயிறு அழைத்தால், அதே மூன்று அருள்பணியாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிடுவார்கள். மிஞ்சும் நேரத்தில் ஒரு மணியை மௌனத்துக்கு விடலாம். சென்ற ஆண்டு தியானம் செய்தவர்களிலிருந்து குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்து, அவரைப் பேசவைத்து, மாதம் ஒருமுறை அதே குழுவைக் கூட்டும் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கலாம். இரண்டாம் உரையை எடுத்துவிட்டால் அவர் பேசுவதற்கான நேரமும் அந்த ஞாயிற்றிலேயே கிடைக்கும்.