அணு வெடிப்பும் பறக்கும் விமானமும்: ஓர் அளவீட்டின் வரலாறு

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டை வீசியதும் 'எனோலா கே' விமானம் சட்டென்று திரும்பிச் சரிந்து விலகியது. வெடிப்புக்கு முன் அதற்குக் கிடைத்த அவகாசம் சுமார் 43 விநாடி. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போன பிறகும் அதிர்வலை துரத்தி வந்து உலுக்கியது. தரையில் மோதித் திரும்பிய இன்னோர் அலையும் பின்னாலேயே வந்து அடித்தது. உடன் பறந்த 'தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்' விமானம் பாராசூட்டில் இறக்கிய கருவிகள் குண்டின் ஆற்றலை அளந்தன. விமானத்தின் உடல் எவ்வளவு தாங்கியது என்று பார்ப்பது அவற்றின் வேலையல்ல.

அந்தக் கேள்வி பின்னால் வந்தது. வெடிப்பின் ஒளி முதலில் வந்து மெல்லிய அலுமினியத் தகட்டையும் வர்ணத்தையும் சுடும். பின்தங்கி வரும் அதிர்வலை இறக்கையை வளைக்கும், தகடுகளை நசுக்கும். ஆகவே வெப்பத்தையும் திரிபையும் தனித்தனியே பதியும் கருவிகளை விமானத்தின் உடலிலேயே பொருத்தினார்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்ப, பிரிட்டனின் வேலியன்ட் குண்டுவீச்சு விமானங்கள் பளிச்சென்ற வெள்ளை பூசிக்கொண்டன.

1951-ல் எனெவெட்டாக் பவளத்தீவில் நடந்த 'கிரீன்ஹவுஸ்' சோதனைகளில் ஆளில்லாத பி-17, டி-33 விமானங்களை வெடிப்புக்கு அருகே பறக்கவிட்டு அமெரிக்கா பாடம் படித்தது. ஆனால் ஆளில்லா விமானங்களோடு அது நிற்கவில்லை. விமானிகள் ஏறிய விமானங்களையும், அவை தாங்கக்கூடிய எல்லையைக் கணக்கிட்டு, அதை ஒட்டியே நிறுத்தினார்கள்.

அந்தக் கணக்கு முழுவதும் குண்டின் ஆற்றலை முன்கூட்டிச் சரியாகச் சொல்வதை நம்பியிருந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் 'பிராவோ' குண்டின் ஆற்றல் சுமார் 6 மெகாடன் என்று எதிர்பார்க்கப்பட்டது. வெடித்தது 15 மெகாடன். அன்று பி-36, பி-47 விமானங்கள் அளவீட்டுக்காக வானில் இருந்தன. அதே வெடிப்பின் கதிரியக்கச் சாம்பல் ரொங்கெலாப் தீவு மக்கள்மீது பொழிந்தது. அவர்களை முன்னதாக அப்புறப்படுத்தவில்லை. மன்னிக்க முடியாத அலட்சியம் அது.

1956 மே மாதம் 'செரோக்கி' சோதனையில் பிசகு வேறுவிதமாக வந்தது. பி-52 விமானக் குழு இலக்குத் தீவைத் தவறாக அடையாளம் கண்டு, குண்டை சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் வீசிவிட்டது. ஒவ்வோர் அளவீட்டு விமானமும் இலக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்த ஏற்பாடு பாழாயிற்று. எதற்காக வெடித்தார்களோ அந்தத் தரவுகளில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

1963-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. பிறகு, அணு வெடிப்பு எழுப்பும் மின்காந்தத் துடிப்பு விமானத்தில் உண்டாக்கும் விளைவை வெடிக்காமலேயே அறிய, நியூ மெக்சிகோவின் கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் 'டிரெஸ்டில்' என்ற மாபெரும் மேடையை எழுப்பினார்கள். பி-52 ஒன்றை முழுதாக அதன் மேலே நிறுத்த முடிந்தது. உலோகம் அளவீட்டில் குறுக்கிடும் என்பதால் அதை மரத்தால் கட்டினார்கள்.