புண்ணை ஆற்றிய புழுக்கள்

புண்ணிற் புழு வைத்துவிட்டது என்று கேட்டாலே நாம் முகஞ் சுளிக்கின்றோம். 1917ஆம் ஆண்டிற் பிரான்சுப் போர்முனையிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் வில்லியம் பேயரும் முதலில் அருவருப்பே கொண்டார். தொடையென்பு முறிந்து, வயிற்றிலுங் காயமுற்று, ஏழு நாட்கள் உணவும் நீருமின்றிப் போர்க்களத்திற் கிடந்த இரு வீரர்களை அவரிடங் கொண்டுவந்தனர். அத்தகைய காயமுற்றோர், தக்க சிகிச்சை பெற்றுங்கூடப் பெரும்பாலும் மாண்டுபோன காலம் அது. இவ்விருவருக்கோ காய்ச்சல்தானும் இல்லை. உடையைக் களைந்தபோது காயங்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கழுவி நீக்கியதும், சீழும் அழுகலும் இருக்குமென எதிர்பார்த்த இடத்திற் செந்நிறமான புதுத்தசை வளர்ந்திருக்கக் கண்டார்.

இவ்வுண்மையைக் கண்டவர் அவர் மட்டுமல்லர். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற லாரே என்னுஞ் சத்திர வைத்தியர், புழுக்கள் இறந்த தசையையே தின்கின்றன என்று குறித்துவைத்தார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிற் சகரியாஸ் என்பவர் வேண்டுமென்றே அவற்றைப் புண்களில் இட்டார். ஆயினும், கண்டதை மறவாது ஆராய்ச்சியாக வளர்த்தவர் பேயரே என்பது என் கருத்து.

போர் முடிந்து பத்தாண்டுகள் கழிந்தபின், பால்ரிமோர் நகரில், என்பு அழற்சியால் வருந்திய நான்கு சிறுவர்களுக்கு அவர் இச்சிகிச்சையைச் செய்தார். வேறெவ்வகையாலும் ஆறாத புண்கள் ஆறு வாரங்களில் ஆறின. ஆனாற் பின்னர் வந்த நோயாளர் சிலருக்கு ஏற்புவலி கண்டது. புழுவைக் கைவிடுதற்கு அதுவொன்றே போதும். அவரோ இலையான் முட்டைகளைக் கிருமிநீக்கி வளர்க்கும் வழியைத் தேடிக் கண்டார். 1931இல் அவர் காலமானார். அவருடைய கட்டுரை அதன் பின்னரே வெளிவந்தது.

புழு செய்வது யாது? அது தன் வாய்நீராற் செத்த தசையைக் கரைத்து, அக்கரைசலை உறிஞ்சுகின்றது; அந்நீர் கிருமிகளையும் அழிக்கின்றது. எல்லா இலையானும் இதற்குதவா. உயிர்த்தசையைத் தின்னும் புழுக்களும் உள. வைத்தியர் கொள்வது, கிருமிநீக்கி வளர்த்த ஒருவகைப் பச்சை இலையானின் புழுவையே.

1930களில் அமெரிக்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இம்முறையைக் கையாண்டன. 1940களிற் பெனிசிலின் வந்தது, புழு மறக்கப்பட்டது. பின்னர் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, 1989இற் கலிபோர்னியாவில் ஷேர்மன் என்னும் வைத்தியர் அதனை மீண்டும் கையிலெடுத்தார். 2004இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. இன்று நீரிழிவால் ஆறாத காற்புண்களுக்கு இதனைப் பயன்படுத்துகின்றனர். இரண்டு மூன்று நாட்கள் வலைத்துணியின் கீழ் அடைத்துவைத்து, புழுக்கள் கொழுத்ததும் எடுத்துவிடுவர். அவ்வேளையில் வலி கூடுவதாக நோயாளர் சிலர் முறையிடுவதுண்டு.