விலகியவரையும் தேடிச் செல்லுதல்: தன்னார்வலர் ஆய்வில் சுழல்முறை நேர்காணல்

முன்னுரை

வினாநிரலை முதலிலேயே முடிவு செய்து, எல்லோரிடமும் அதையே கேட்டு, கடைசியில் பகுத்தாய்வது நேர்காணல் ஆய்வில் ஒரு வழி. சிலரிடம் கேட்டு, கேட்டதைப் பகுத்து, கேள்வியைத் திருத்திக்கொண்டு மறுபடி களத்துக்குப் போவது மற்றொரு வழி. இதைச் சுழல்முறை எனலாம். அமெரிக்கச் சமூகவியலில் இது வளர்ந்த விதத்தையும், தன்னார்வலரை ஆராய்வோருக்கு இதனால் ஆகும் பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருதுகோள் திருந்துதல்

ஆல்ஃபிரெட் லிண்டெஸ்மித் போதைப் பழக்கத்தைப் பற்றிய தம் ஆய்வில் (1947) இவ்வழியைக் கையாண்டார். டொனால்ட் கிரெஸ்ஸியின் நூலில் (1953) இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பணம் கையாடிச் சிறைப்பட்டவர்களிடம் அவர் பேசினார். தொழில் வட்டாரத்தில் இதை உண்மையான குற்றமாக எண்ணுவதில்லை, அதனால்தான் கைவைக்கிறார்கள் என்பது அவருடைய முதல் கருதுகோள். தப்பென்று தெரிந்தேதான் செய்தோம் என்று கைதிகள் சொன்னதும் அது விழுந்தது. நெருக்கடிதான் காரணம் என்று மாற்றிப் பார்த்தார். முன்பும் நெருக்கடி வந்ததுண்டு, அப்போது தொடவில்லை என்றார்கள் சிலர். அதன் பிறகே, பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத பணச்சிக்கல் என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தார். முரண்பட்ட சாட்சியை அவர் ஒதுக்கவில்லை. அதற்கேற்பக் கருதுகோளைத் திருத்தினார்.

களம் மாறுதல்

கிரெஸ்ஸியிடம் கருதுகோள்தான் மாறியது. அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்பதையும் ஆய்வின் போக்கே தீர்மானிக்கட்டும் என்றார்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் (1967). மரணத்தறுவாயில் இருப்பவர்களைப் பற்றிய மருத்துவமனை ஆய்வில், நோயாளிக்குத் தன் நிலை தெரியவே வழியில்லாத குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு முதலில் போனார்கள். பிறகு நினைவிழந்தோர் மிகுந்த நரம்பு அறுவைப் பிரிவு. அதன்பின் சாவு விரைந்து வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அடுத்து அது மெல்ல வரும் புற்றுநோய்ப் பிரிவு. ஒவ்வொரு பிரிவையும் முந்தையதோடு ஒப்பிட்டார்கள்.

தன்னார்வலர்: போனவரும் போகாதவரும்

தன்னார்வலர் குழுவில் சம்பளப் பட்டியல் கிடையாது. வராமல் போனவரின் பெயர் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். 1964 கோடையில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பிக்குச் சென்ற மாணவர்களை ஆராய்ந்த டக் மெக்ஆடமுக்கு, அவர்களுடைய விண்ணப்பங்களே கிடைத்தன. இடம் கிடைத்தும் போகாமல் விலகியவர்களின் தாள்களும் அவற்றில் இருந்தன. தம் பணியைப் பற்றி யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பத்துப் பேரைக் குறிக்கச் சொல்லியிருந்தது அந்தத் தாள். விளம்பரத்துக்காகக் கேட்ட பெயர்கள், பிற்கால ஆய்வாளருக்கு நட்பு வலையின் வரைபடமாயின. போனவர் 40 பேர், போகாதவர் 40 பேர் என நேர்காணல்களும் நடந்தன. இருசாராரின் கொள்கைப் பற்றிலும் பெரிய வேறுபாடு இல்லை. போனவர்களுக்குச் சக தன்னார்வலரோடு நெருங்கிய நட்பு கூடுதலாக இருந்தது. அவர் நூல் 1988இல் வெளிவந்தது.

முடிவுரை

மெக்ஆடமின் ஆய்வு கிளேசர், ஸ்ட்ராஸ் வகுத்த முறையின் அச்சு அல்ல. ஆயினும் கிரெஸ்ஸிக்கு முரண்பட்ட கைதி செய்த வேலையை இவருக்குப் போகாத மாணவர் செய்தார். போனவரை மட்டும் கேட்டிருந்தால் கொள்கைப் பற்றே காரணம் என்று முடித்திருக்கலாம். எனவே தன்னார்வலரிடையே முதல் சுற்றை முடித்தவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இங்கே இப்போது இல்லாதவர் யார் என்பதே.