விசாரம்: கவலையா, தேடலா?
தியான முகாம் அறிவிப்புகளில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்பதை ‘மனநிறைவு’ என்று மொழிபெயர்ப்பது பிழை. மனநிறைவு திருப்தி, இந்தப் பயிற்சியோ விழிப்போடு கவனிப்பது. உள்ளே பார்க்கும் பயிற்சிக்குத் திருவண்ணாமலைக்கென்று ஒரு சொல் உண்டு: விசாரம். 1902இல் அங்குள்ள விருபாக்ஷ குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்தில் இருந்த ரமண மகரிஷி எழுதிக்காட்டிய விடைகளே ‘நான் யார்?’ நூலுக்கு அடிப்படை. அது காட்டும் வழி ஆன்ம விசாரம். சஞ்சாரம், பிரசாரம் போல விசாரத்துக்கும் இயங்குதலைக் குறிக்கும் வடமொழிச் ‘சர்’தான் வேர். மனம் ஒரு பொருளைச் சுற்றி இயங்குவது ஆராய்ச்சி. ஓயாமல் அதையே சுற்றினால் கவலை. அதனால்தான் நலம் ‘விசாரிக்கிறோம்’, துயரப்படுபவரிடம் ‘விசாரப்படாதே’ என்றும் சொல்கிறோம்.

அப்படியானால் மைண்ட்ஃபுல்னஸும் விசாரமும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. வந்துபோகும் எண்ணங்களைப் பார்த்திருப்பது முன்னது. அந்த எண்ணம் யாருக்கு என்று கேட்டு வேருக்குப் போவது பின்னது. முன்னதற்குக் ‘கவனம்’ என்பதே போதும். பின்னதற்கு, கவலையின் சாயல் படியாத ‘தன்னாட்டம்’ பொருந்தும். நாட்டம் என்றால் பழந்தமிழில் கண், நாடுதல் தேடுதல். தன்னைப் பார்ப்பதையும் தன்னைத் தேடுவதையும் ஒருசேரச் சொல்லும் இச்சொல்லை நாம் தயங்காமல் புழங்க வேண்டும்.