படச்சுருளின் விளிம்பில் நிற்போர்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற புதுப்பெயருடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கிய வில்லியம் றொபின்சனை உலகம் அறியும். ஓட்டிச் சென்ற கடலோடிகளை ஊர் போற்றுகிறது. பலகை இழைத்த தச்சர்களைப் பற்றிய பேச்சோ அருமை. எழுத்தாவணத்தின் இயல்பே அது.

இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்யவல்ல சான்றொன்று குடும்பங்களின் றங்குப்பெட்டிகளில் உறங்குகிறது. வீட்டுத் திரைப்படச் சுருள்களையே குறிப்பிடுகிறோம். கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர்ச் சுருளை 1923இலும், 8 மில்லிமீற்றரை 1932இலும், ‘சுப்பர் 8’ஐ 1965இலும் சந்தைக்குக் கொணர்ந்தது. கமரா வாங்கும் வசதி சிலருக்கே இருந்தமையால், அவர்தம் கலியாணமும் கோயில் திருவிழாவுமே படமாயின. ஆயினும் மாப்பிள்ளையைப் படம்பிடிக்கையில் மேளகாரரும், பந்தலிட்டவரும், சோறு வடிக்கும் பெண்ணும் அழையாமலே உள்ளே வந்துவிடுகின்றனர். நாம் தேடும் வரலாறு அந்த விளிம்பிலேதான் நிற்கிறது.

இச்சுருள்களுட் பெரும்பாலானவற்றுக்கு நெகற்றிவ் கிடையாது. கமராவுள் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரையிலும் ஓடியது. அழிந்தால் அழிந்ததுதான். 1987இன் வடமராட்சி இராணுவ நடவடிக்கையிலும், 1989 ஓகஸ்டில் இந்தியப் படையினர் நிகழ்த்திய வல்வெட்டித்துறைப் படுகொலையிலும் வீடுகளோடு எரிந்தவற்றுக்குக் கணக்கு ஏது? தப்பியவற்றை வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் அரிக்கின்றன. அசற்றேற்றுச் சுருள் வினாகிரி மணம் வீசிச் சுருங்கும். அதனைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டினால் கிழியும். ஒவ்வொரு சட்டகமாக ஒளிவருடிக் கணினிக் கோப்பாக்குவதே தக்க வழி.

முன்னர் வீடியோ நாடாவுக்கு மாற்றிவிட்டு மூலச்சுருளை எறிந்தாரும் உளர். 2016இல் வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆதலால் மூலத்தை எறிதல் தகாது. கோப்பையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

இதனினும் பெருந்தீங்கு, மாற்றிக் கொடுப்போரின் கத்தரி. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தின் மேலும் கீழும் நறுக்குகின்றனர். ‘சுவையற்ற’ பகுதிகளை நீக்குகின்றனர். போதாக்குறைக்குச் சினிமாப் பாட்டு வேறு! அப்போது மறைபவர் மணமகனல்லர், பந்தற்காலடியிற் குந்தியிருந்தவரே.

ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற பொது ஆவணகத்தில் வெட்டாத கோப்பின் படியொன்று சேர வேண்டும். இப்படங்கள் பெரும்பாலும் ஊமைப்படங்கள். மணமக்களின் பெயர் அழைப்பிதழில் அச்சாகியிருக்கும். ஓரத்தில் நிற்பவரின் பெயரை முதியோரே சொல்ல வல்லார். எமது மாணவர் அவர்களோடமர்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதட்டும். அம்முதியோருட் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர்.