அக்கரையிலிருந்து வந்தவர்களும் கை கொடுத்தவர்களும்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதித்தான் எனக்குப் பழக்கம். நம் மலரில் சமையல், கைத்தொழில், பெண்கள் சட்டம் பற்றியெல்லாம் மற்ற அக்காமார் நன்றாக எழுதுகிறார்கள். நான் நம் இராமநாதபுரம் மாவட்டத்து வரலாற்றில் ஒரு பகுதியை எழுதலாம் என்று நினைத்தேன். இலங்கையிலிருந்து உயிர் தப்பி நம் கரைக்கு வந்தவர்களின் வரலாறு இது. அவர்களுக்கு உதவியவர்களின் வரலாறும்கூட.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "முகாம்காரங்களுக்குத்தான் அரசாங்கம் எல்லாம் சும்மா குடுக்குதே, அவங்களுக்கு எதுக்குக் குழு, எதுக்கு லோனு?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம்மில் பல பேர் மனதில் உள்ள கேள்விதான் அது. அதனால் வீட்டுப் பெரியவர்களிடமும் முகாம் அக்காமாரிடமும் விசாரித்து, நூலகத்திலும் படித்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

மண்டபம் முகாம் வந்த கதை

மண்டபம் முகாமை அகதிகளுக்காகக் கட்டினார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் நம் ஆட்கள்தான். இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழைக் குடும்பங்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அவர்களை மண்டபத்தில் நாள்கணக்கில் தங்க வைத்தார்கள். அதற்காகக் கட்டிய இடம்தான் அது.

அப்படிப் போனவர்கள் காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கினார்கள். பிள்ளை பெற்றார்கள், அங்கேயே செத்தார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்ததும் 1948-ல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். அதில் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆகிவிட்டார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. ஆடுமாட்டைப் பங்கு பிரிக்கிற மாதிரி ஆட்களைப் பிரித்தார்கள். அம்மா ஒரு நாடு, மகள் ஒரு நாடு என்று ஆன குடும்பங்கள் உண்டு.

திரும்பி வந்தவர்களும் மண்டபம் வழியாகத்தான் வந்தார்கள். அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. இன்று டேன்டீ என்று கடையில் வாங்குகிறோமே, அந்தத் தேயிலைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. தேயிலை பறிக்கத் தெரிந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கொடுத்தது எனக்கு நல்ல யோசனையாகப் படுகிறது. குறைகள் எவ்வளவோ இருந்தன. ஆனாலும் கையில் இருக்கிற தொழிலைப் பார்த்துச் செய்த உதவி அது.

நான்கு தடவை வந்தார்கள்

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். எத்தனையோ பேர் உயிரிழந்தார்கள். அப்போது தொடங்கியதுதான் அகதிகள் வருகை. 1983-லிருந்து 1987 வரை 1,34,000 பேர் வந்தார்கள். அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர். ஒப்பந்தம் ஆனபின் 25,000 பேருக்கு மேல் திரும்பிப் போனார்கள். சண்டை மறுபடி மூண்டது. 1989 ஆகஸ்ட்டிலிருந்து 1991 ஏப்ரலுக்குள் 1,22,000 பேர் வந்தார்கள். மூன்றாவது தடவை 1996-க்குப் பிறகு 22,000 பேர். நாலாவது தடவை 2006-க்குப் பிறகு ஏறக்குறைய 25,000 பேர். எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடல் 30 கிலோமீட்டர்தான். நம் மீனவர்களுக்கு அது பெரிய தூரம் இல்லை. ஆனால் ராத்திரியில், விளக்கில்லாமல், கைக்குழந்தையோடு, ஆள் நிறைந்த வள்ளத்தில் வருகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்? தாலியைக் கழற்றிப் படகுக்கூலி கொடுத்தவர்கள் உண்டு. நேவிக்குப் பயந்து படகுக்காரர்கள் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனதும் உண்டு. தண்ணீர் இல்லாமல் அங்கே தவித்தவர்களை நம் மீனவர்கள் பார்த்துக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

எங்க மாமியார் 1990-ல் நடந்ததைச் சொல்லுவார்: "அதிகாரிங்க வந்து பேரு எழுதுறதுக்குள்ள நாங்க கஞ்சி காய்ச்சிட்டோம். வள்ளத்துல இருந்து எறங்கின பொம்பளைகளுக்கு மாத்துச் சேலை இல்ல. நனைஞ்ச சேலையோட நின்னாங்க. ஆளுக்கு ஒரு சேலை கொண்டாந்து குடுத்தோம். எங்கிட்டயே மூணு சேலைதான் இருந்துச்சு." பிறகு அரசாங்கம் வந்தது. பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்புக் கட்டடம், குடோன் என்று இடம் கிடைத்த இடமெல்லாம் முகாம் ஆனது. பெயர் பதிந்து, அரிசியும் பணக்கொடையும் கொடுத்து, பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 1951-ல் உலக நாடுகள் போட்ட அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆனாலும் இத்தனை லட்சம் பேருக்கு இடம் கொடுத்தது நம் மாநிலத்துக்குப் பெருமைதான்.

கதவு சாத்திய காலம்

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு முகாம் மக்களைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. யாரோ செய்த பாவத்துக்கு, சமைத்துக்கொண்டும் பிள்ளை வளர்த்துக்கொண்டும் இருந்த பெண்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிள்ளைகளை மேல்படிப்பில் சேர்ப்பது கஷ்டமானது. சில வருடங்கள் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதற்கே தடை இருந்தது. 1992 ஜனவரியிலிருந்து 1995 மார்ச் வரை 54,000 பேரைக் கப்பலிலும் விமானத்திலும் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா, பயந்து போகிறார்களா என்று கேட்பதற்காக ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அமைப்பு 1992-ல் சென்னையில் அலுவலகம் திறந்தது. போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிற வேலை. சாப்பாடு கொடுப்பது மட்டும் உதவி இல்லை, வாய் திறந்து சொல்ல முடியாதவர்களிடம் இப்படிக் கேட்பதும் உதவிதான் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

அகதிகளே செய்த தொண்டு

இந்த வரலாற்றில் நம் குழுப் பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதி.

1984-ல் சந்திரகாசன் என்பவர் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை ஆரம்பித்தார். 'ஓபர்' என்று முகாம்களில் சொல்வது இதைத்தான். இவர் 'தந்தை செல்வா' என்று இலங்கைத் தமிழர்கள் மதிக்கிற செல்வநாயகத்தின் மகன். இவரும் அகதியாக வந்தவர்தான். வெளியிலிருந்து ஆள் வந்து உதவுவதோடு நிற்காமல், முகாமில் இருப்பவர்களே முகாமுக்கு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் வழி. படித்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சுகாதாரப் பயிற்சி எடுத்துக்கொண்டு கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக முகாமிலேயே தொட்டி கட்டி சுருள்பாசி வளர்த்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று, குடியுரிமைப் பத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நமக்கு மகளிர் குழு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. முகாம் பெண்களும் பிறகு குழு அமைத்துச் சேமித்தார்கள். அவர்களுடைய சேமிப்பு பணக்கொடையில் மிச்சம் பிடித்த பத்து ரூபாய், இருபது ரூபாய்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்த முகாம் பெண்கள் நாகப்பட்டினம் பக்கம் போய், வீடும் பிள்ளையும் இழந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் இழந்தவர்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

இன்னொரு அமைப்பு இயேசு சபையின் அகதிகள் பணி. 1980 நவம்பரில் பெத்ரோ அருப்பே என்ற சாமியார் இதை ஆரம்பித்தார். வியட்நாமிலிருந்து படகில் தப்பிய மக்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாராம். இவர்களும் நம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தினார்கள்.

'எல்லாம் சும்மா' கிடைக்கிறதா?

இப்போது அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் கணக்கு எழுதுகிறவர்கள், கணக்காகவே பார்ப்போம். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு பணக்கொடையை உயர்த்தியது. மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை என்றால் 3,500 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 30 ரூபாய்கூட வரவில்லை. உயர்த்துவதற்கு முன்னால் இதுவும் இல்லை. அரிசி கிலோ 57 காசுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் குழம்புக்கு, சோப்புக்கு, பிள்ளையின் நோட்டுக்கு எங்கே போவது? அதனால்தான் அந்த வீட்டு ஆண்கள் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள்.

பத்தடிக்குப் பத்தடி அறை. நடுவில் சேலையைக் கட்டி மறைத்துத்தான் மகனும் மருமகளும் படுக்க வேண்டும். ஆள் கணக்கெடுக்க அதிகாரி வரும் நாளில் வேலைக்குப் போக முடியாது, சொந்தக்காரர் சாவுக்குப் போவதற்கும் யோசிக்க வேண்டும். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை.

என்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தி முகாமில் இருக்கிறாள். அவள் பிறந்ததே இங்கேதான், இலங்கையைப் பார்த்ததே இல்லை. என்னைவிட நல்ல மார்க் வாங்குவாள். இப்போது தைக்கிறாள். அவள் குழு ஒரு வங்கிக்கு லோன் கேட்டுப் போனபோது, "முகாம் முகவரியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் உள்கடனிலேயே மூன்று தையல் மெஷின் வாங்கினார்கள். ஒரு தவணைகூடத் தவறவில்லை. அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் ஆசைப்பட்டு வரேல்லை. உயிர் தப்பத்தான் வந்தனாங்கள். சோறு தந்தீங்கள், மறக்க மாட்டம். இனி உழைச்சுச் சாப்பிட விட்டால் போதும்."

இப்போதைய நிலை

2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. அப்போது 108 முகாம்களில் ஏறக்குறைய 58,800 பேர் இருந்தார்கள். பழுதான வீடுகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறந்தார்கள். பெயரும் வீடும் மாறியது நல்ல காரியம். குடியுரிமை மட்டும் இன்னும் கேள்வியாகவே நிற்கிறது.

2022-ல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் மார்ச் மாதம் முதலில் 16 பேர் நம் கரைக்கு வந்தார்கள். இந்தத் தடவை துரத்தியது பசி. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்தும் முதல் கப்பலில் போயின.

நாம் செய்ய வேண்டியது

இந்த நாற்பது வருட வரலாற்றில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். கஞ்சியும் சேலையும் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் வந்தவரை வாங்குகிறவராகவே எப்போதும் வைத்திருந்தால் அது பாதி உதவிதான். அவர் சம்பாதிக்கவும் சேமிக்கவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் வழி விட்டால்தான் அது முழு உதவி. முகாம் பெண்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்று எப்போதோ காட்டிவிட்டார்கள்.

ஆகவே நம் கூட்டமைப்பு மூன்று காரியம் செய்யலாம். முகாம் குழுக்களை நம் கூட்டங்களுக்கு அழைத்து, மற்றக் குழுக்களைப் போலவே பேச விட வேண்டும். அவர்கள் வங்கிக்குப் போகும்போது நம் பொறுப்பாளர் ஒருவர் கூடப் போக வேண்டும். பயிற்சியும் கண்காட்சியும் வரும்போது அவர்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க எங்கள் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. சகோதரிகள் அனைவரும் ஆதரவு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.