மாலு யார்?

மீன்சுருட்டி கடைத்தெருவில் மைக்செட் வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவரின் தகரப் பெட்டியில் அந்த நோட்டு கிடந்தது. கல்யாண மேடைகளில் பாடிய யாரோ விட்டுப்போனதாம். எண்ணெய்க் கறை படிந்த ஒரு பக்கத்தில் ‘சுராங்கனி’ பாட்டு, காதில் விழுந்தபடியே எழுதியிருந்தது. ‘மாலு’ என்ற சொல்லுக்குக் கீழே இரட்டைக் கோடு. ஓரத்தில் பென்சிலால் ‘பொண்ணு பேரு’. அதை அடுத்து ‘கண்ணா வா’.

முதலில் பாடியவரை ஊர் மறந்து, பின்னால் பாடியவரைக் கொண்டாடுவது ஏன் என்பதுதான் என் தேடல். “இது யார் பாட்டுங்க?” என்றேன்.

“இளையராஜா பாட்டு. மலேசியா வாசுதேவன் பாடினது.”

தப்பில்லை. 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அவர் பாடியிருக்கிறார். ஆனால் பாட்டு கடல் தாண்டி வந்தது. இலங்கையின் பைலா வகைப் பாட்டு அது. பைலா என்பது ‘நடனமாடு’ என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர்; 1505இல் அங்கே கரையேறியவர்களின் மிச்சம். அந்தப் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோனவர் ஏ.ஈ. மனோகரன், நம் ஊரில் சிலோன் மனோகர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். பேரைச் சொன்னதும் பெரியவர், “அவரு வில்லன் நடிகர் இல்லீங்களா?” என்றார். ‘சின்ன மாமியே’ பாட்டையும் மனோகர் கணக்கில்தான் சேர்த்தார். அதை எழுதி, மெட்டுப் போட்டுப் பாடிய நித்தி கனகரத்தினத்தின் பெயர் பெரியவர் காதுக்கு எட்டவே இல்லை.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துக் கொழும்பு நண்பருக்கு அனுப்பினேன். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். சிங்களத்தில் மாலு என்றால் மீன். ‘கண்ணா வா’ அல்ல, ‘கெனாவா’: கொண்டுவந்தேன். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதை!

அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’டை 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் பாடியபோது, வீடு திரும்பும் ஆண் கேட்ட மரியாதையைப் பெண் கேட்டாள். அங்கே பாட்டின் பொருள் கைமாறியது. இங்கே பொருளே கழன்று விழுந்தது. அந்தக் காலி இடத்தில் நம் ஆட்கள் ஒரு பெண்ணைக் குடிவைத்துவிட்டார்கள். சொல் புரிந்திருந்தால் இது மீன்காரர் பாட்டாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. இந்தியாவின் 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் சட்ட உரிமத்தில் ஒரு பாட்டை மறுபடி பாடி வெளியிட ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும். மறுபதிவு என்று உறையிலேயே போட வேண்டும். காதுக்கு ஏது உறை?

பெரியவரிடம் மாலுவின் கதையைச் சொன்னேன். வாசலில் அணைக்கரை மீன் கூடையோடு ஒரு அம்மா போய்க்கொண்டிருந்தார்.

“பொண்ணாவே இருக்கட்டும் சார்,” என்று நோட்டை மூடினார். “கல்யாணப் பந்தி சைவம்.”